செயலிலிருந்து பெயருக்கு: பயங்கரவாத அச்சமும் முஸ்லிம்கள் மீதான சந்தேகமும்

2020 ஜனவரி 8ஆம் தேதி இரவு, தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் துப்பாக்கியால் சுடப்பட்டும் கத்தியால் குத்தப்பட்டும் இறந்தார். தேடப்பட்ட இருவரும் கேரளம் வழியாகத் தப்பி, சில நாட்களில் உடுப்பியில் பிடிபட்டனர். துப்பாக்கியை எர்ணாகுளம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சாக்கடையிலும், கத்தியைத் திருவனந்தபுரம் தம்பானூரிலும் கண்டெடுத்ததாகப் போலீஸ் அறிவித்தது. தம்பானூரில் ரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் எதிரெதிரே நிற்கின்றன. களியக்காவிளைக்கும் நாகர்கோவிலுக்கும் பஸ் ஏறுகிறவர்கள், வளைகுடாவிலிருந்து இறங்கி ஊருக்கு வண்டி பிடிக்கிறவர்கள், சாலைக் கம்போளத்துக்குச் சரக்கெடுக்க வந்த தமிழ் வியாபாரிகள் என்று எல்லா மதத்தாரும் பெட்டியோடு கடக்கிற இடம் அது. அங்கே ஒரு கத்தி கிடைத்ததால் பெட்டியோடு போகிற இன்னொருவர்மேல் சந்தேகம் விழ நியாயமில்லை. ஆனாலும் விழுகிறது; எல்லார்மேலும் ஒரே அளவில் விழுவதுமில்லை, முஸ்லிம்கள்மேல்தான் கூடுதலாக விழுகிறது.

இதற்குக் காரணம் கேட்டால் கிடைக்கும் பதில்கள் பழையவை, ஒன்றோடொன்று மோதுபவை. குண்டு வெடிக்கிறது, மக்கள் அஞ்சுகிறார்கள், அச்சம் தப்பெண்ணமாகிறது என்பது ஒன்று. தப்பெண்ணம் எப்போதும் இருந்தது, குண்டு அதற்குச் சாக்கு என்பது இன்னொன்று. அரசின் சட்டமும் காவல்துறைக் கோப்பும் திரைப்படமும் சேர்ந்து செய்யும் வேலை இது என்பது மூன்றாவது. பழகாததால் வரும் கோளாறு, பழகினால் தீரும் என்பது நான்காவது. இந்த நான்கையும் கேரளம், தமிழ்நாடு, இலங்கை ஆகிய மூன்று இடங்களின் அனுபவத்தோடு உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சம் தப்பெண்ணத்தைப் பிறப்பிக்கிறதா என்பது ஓரளவுக்குத் தவறான கேள்வி. அச்சம் செய்யும் முக்கியமான காரியம், நிரூபிக்கும் பொறுப்பை இடம் மாற்றுவது. செய்தான் என்று அரசு காட்டவேண்டிய நிலை போய், செய்யவில்லை, செய்யவும் மாட்டேன் என்று ஒரு சமூகம் நாள்தோறும் காட்டவேண்டிய நிலை வருகிறது.

பயப்படுவது இயல்புதானே?

முதல் பதிலை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் தொடர்ந்து வெடித்த குண்டுகளில் 58 பேர் இறந்தார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இவற்றைச் செய்தவர்கள் மதத்தின் பெயரைச் சொல்லித்தான் செய்தார்கள். அச்சத்துக்கும் வெறுப்புக்கும் காலத் தொடர்பு இருப்பதையும் எண்கள் காட்டுகின்றன. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பதிவுகளில் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்ற நிகழ்வுகள் 2000ஆம் ஆண்டில் 28. இரட்டைக் கோபுரம் வீழ்ந்த 2001இல் 481. ஒரே ஆண்டில் இப்படி ஏறியதற்குப் பல நூற்றாண்டுக் கருத்தியலை மட்டும் காரணமாகச் சொன்னால் யாரும் ஒப்பமாட்டார்கள்.

ஆனால் இந்தப் பதில் ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. அச்சம் ஏன் குறிப்பாக அந்த வழியில் பாய்கிறது என்பதை அது சொல்வதில்லை. 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவில் பழிவாங்கலாகச் சுட்டுக் கொல்லப்பட்ட பல்பீர் சிங் சோதி ஒரு சீக்கியர். சுட்டவன் கண்ணுக்குத் தாடியும் தலைப்பாகையும் போதுமாயிருந்தன. 2006க்கும் 2015க்கும் இடையே அமெரிக்காவில் நடந்த தாக்குதல்களை ஆராய்ந்த எரின் கியர்ன்ஸ் குழுவினர், தாக்கியவர் முஸ்லிமாக இருந்தால் பத்திரிகைச் செய்திகள் சராசரியாக 357 விழுக்காடு கூடுதலாக வந்ததைக் கண்டார்கள். அச்சம் நேரடியாக நிகழ்விலிருந்து வருவதானால் இந்த வேறுபாடு இருக்கக்கூடாது. கோவையையே எடுத்துக்கொள்வோம். 1997 நவம்பர் 29 அன்று போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்தது பிப்ரவரிக் குண்டுவெடிப்பு. மூன்றையும் ஒரே தொடராக நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. முதலாவதும் மூன்றாவதும் பொது நினைவில் தங்கி, நடுவிலுள்ளது பெரும்பாலும் ஒரு தரப்பாரின் துக்கமாக ஒதுங்கிவிட்டது. எதற்கு அஞ்சுவது என்பதே முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டதுபோல் இருக்கிறது.

1854ஆம் ஆண்டின் இரண்டு சட்டங்கள்

இங்கேதான் இரண்டாவது தரப்பு பேசத் தொடங்குகிறது. எட்வர்ட் செய்த் 1978இல் எழுதிய ‘ஓரியன்டலிசம்’ இதன் அடித்தளம். அரபியர், முஸ்லிம்கள் பற்றிய மேற்கத்தியச் சித்திரம் ஆட்சி செய்வதற்காகப் புனையப்பட்டது, அதை இன்றைய அச்சம் மறுபடி எடுத்துப் பயன்படுத்துகிறது என்பது அவர் வாதம். பிரிட்டனின் ரன்னிமீட் அறக்கட்டளை முஸ்லிம் வெறுப்பு பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது 1997இல், அதாவது இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு நான்கு ஆண்டுகள் முன்பு. நோய்க்குப் பெயர் வைத்த பிறகே அதன் காரணம் என்று சொல்லப்படுவது நிகழ்ந்தது.

இந்த வாதத்துக்கு நம் மண்ணில் உள்ள சான்று செய்த் எடுத்துக்காட்டியவற்றைவிடக் கூர்மையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலபாரில் மாப்பிள்ளை முஸ்லிம் குடியானவர்கள் ஜன்மிகளையும் (நிலவுடைமையாளர்களையும்) அதிகாரிகளையும் தாக்கிய நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தன. தாக்கியவர்கள் சாகத் துணிந்தே போனார்கள். பிடிபட்டு உயிரோடு திரும்பும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. இன்றைய தற்கொலைத் தாக்குதல் பற்றிய பேச்சுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்திய முன்மாதிரி என்றே அதைச் சொல்லலாம். காரணம் கண்டறிய 1852இல் நியமிக்கப்பட்ட தாமஸ் லம்ஸ்டன் ஸ்ட்ரேஞ்ச், நிலத் தகராறு அடிப்படைக் காரணமில்லை, மதவெறியே காரணம் என்று எழுதினார். அரசு 1854இல் இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தது. ஒன்று, தாக்குதல் நடந்த அம்சத்தின் (வருவாய்க் கிராமத்தின்) மாப்பிள்ளைகள்மீது கூட்டு அபராதம் விதிக்க வழிசெய்தது. இன்னொன்று, மாப்பிள்ளைப் போர்க்கத்தியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. ஆயுதத்தின் பெயரிலேயே சமூகத்தின் பெயர் ஒட்டியிருந்ததைக் கவனிக்கவேண்டும். கத்திகளைப் பறிமுதல் செய்வதில் முன்னின்ற மலபார் கலெக்டர் கானலி 1855 செப்டம்பரில் கொல்லப்பட்டார். கூட்டு அபராதம் அவரைக் காப்பாற்றவில்லை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து வில்லியம் லோகன் அதே கேள்வியை மறுபடி எடுத்தார். 1881இல் தனி ஆணையராக நியமிக்கப்பட்டு, குடியானவர்களின் மனுக்களை ஊர் ஊராகக் கேட்டு, வேறு முடிவுக்கு வந்தார். குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்ற ஜன்மிக்கு உரிமை கொடுத்த நீதிமன்ற நடைமுறையே கலகத்தின் வேர் என்றார் அவர். பின்னாளில் கே.என். பணிக்கர் போன்ற வரலாற்றாசிரியர்கள் நிலமும் மதமும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்பதை இன்னும் நுணுக்கமாக விளக்கினார்கள். ஆக, ஒரே நிகழ்வுக்கு ஸ்ட்ரேஞ்ச் மனப்பான்மையில் விளக்கம் தேடினார், லோகன் நிலைமையில் தேடினார். இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் கூச்சலோடு நடக்கும் சண்டை இந்த இருவரின் அறிக்கைகளிலேயே முடிந்த அளவுக்கு நடந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் உதாரணங்களைத்தான் மாற்றினார்கள்.

இருந்தாலும் இந்தத் தரப்புக்கும் ஒரு பெரிய இடறல் இருக்கிறது. மாப்பிள்ளைச் சட்டம் இயற்றப்பட்ட அதே நிலத்தில், 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சியையும் அதன் ரத்தத்தையும் கண்ட அதே நிலத்தில், 1979இல் முஸ்லிம் லீகின் சி.எச். முகம்மது கோயா சில வாரங்களேனும் முதலமைச்சராக இருந்தார். லீக் பல கூட்டணி அரசுகளில் கல்வி, தொழில் போன்ற கனமான துறைகளை நடத்தியது. பழைய சித்திரம் அவ்வளவு வலுவானதென்றால் இது எப்படி நடந்தது? அரபியர் விஷயத்தில் இன்னும் சிக்கல். 2018ஆம் ஆண்டு இடப்பெயர்வு ஆய்வின்படி வெளிநாட்டில் இருந்த மலையாளிகள் சுமார் 21 லட்சம் பேர், மிகப் பெரும்பாலோர் வளைகுடாவில். இவர்கள் பேச்சில் வரும் அரபி பெரும்பாலும் முதலாளி. பென்யாமினின் ‘ஆடுஜீவிதம்’ நாவலில் வருவதுபோலக் கொடுமைக்காரராகவோ, சம்பளம் ஒழுங்காகத் தரும் நல்ல மனிதராகவோ இருக்கலாம். குண்டு வைப்பவர் என்ற சித்திரம் அங்கே அபூர்வம். அரபியர் வரும் ஹாலிவுட் படங்கள் 900க்கும் மேல் பார்த்து, பெரும்பாலானவற்றில் அவர்கள் கெட்டவர்களாகவே காட்டப்படுவதாக ஜாக் ஷாஹீன் தொகுத்த பட்டியல், மலப்புரத்துக் குடும்பம் ஒன்றின் அனுபவத்தோடு அதிகம் ஒட்டாது. பழைய சித்திரம் கிடங்கில் இருக்கலாம். அதை யார், எப்போது, எதற்காக வெளியே எடுக்கிறார்கள் என்பதை வரலாறு மட்டும் விளக்காது.

கோப்பும் சட்டமும்

மூன்றாவது தரப்பு இதையே பிடித்துக்கொள்கிறது. தனிமனிதர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, நிறுவனங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதே அதற்கு முக்கியம். இந்தியாவில் இதற்குச் சான்றுகள் ஏராளம். காமன் காஸ் அமைப்பும் லோக்நீதி ஆய்வு மையமும் 2019இல் வெளியிட்ட காவல்துறை ஆய்வில், கேட்கப்பட்ட காவலர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் முஸ்லிம்கள் இயல்பாகவே வன்முறைக்குச் சாய்பவர்கள் என்று ஏதோவோர் அளவில் கருதினார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால் முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. விண்ணப்பத்தைப் பிரித்த மேலாளர் குண்டைப் பற்றி நினைத்தாரா என்று நமக்குத் தெரியாது. அந்தப் பெயரை அடுக்கின் அடியில் வைத்தார் என்பது மட்டும் தெரியும்.

கேரளத்து முஸ்லிம் அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதனியின் வழக்கு இந்தத் தரப்பின் முதன்மையான சான்று. கோவைக் குண்டுவெடிப்பு வழக்கில் 1998இல் கைதாகி, பிணை கிடைக்காமல் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து, 2007 ஆகஸ்ட் 1 அன்று எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டார். அதற்கு முன் 2006 மார்ச்சில் கேரள சட்டமன்றம் அவர் விடுதலைக்காக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. 2010 ஆகஸ்டில் பெங்களூரு குண்டுவெடிப்பு வழக்கில் மறுபடி கைதானார். 2014இல் பிணை கிடைத்தும், ஊர் திரும்பி வாழ உச்சநீதிமன்ற அனுமதி 2023 ஜூலையில்தான் வந்தது. 1990களின் தொடக்கத்தில் அவர் பேசிய பேச்சுகள் சமூகங்களைப் பிரித்தன என்ற விமர்சனம் வலுவானது. முஸ்லிம்களுக்குள்ளேயே பலர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒருவரின் பேச்சு பிடிக்கவில்லை என்பதற்கும் குண்டுவெடிப்புக்குச் சதி செய்தார் என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தைச் சான்றால் கடக்கவேண்டும். ஒன்பது ஆண்டுகள் அந்தத் தூரத்தைச் சிறைவாசமே நிரப்பியது.

சட்டத்தின் அமைப்பே இதற்கு இடம் தருகிறது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008இல் திருத்தப்பட்ட சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 43டி(5) பிரிவின்படி, போலீஸ் சொல்வது மேலோட்டமாக உண்மையெனத் தோன்றினாலே பிணை மறுக்கப்படும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்போது விசாரணையே தண்டனையாகிவிடுகிறது. மூவாற்றுப்புழையில் 2010 ஜூலை 4 அன்று பேராசிரியர் டி.ஜே. ஜோசப்பின் கை வெட்டப்பட்ட கொடிய வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட ஒருவருக்கு, விசாரணை முடியாமல் ஐந்தாண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்ததால் பிணை தரலாம் என்று 2021 பிப்ரவரி 1 அன்று உச்சநீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. மாநிலங்களவையில் அதே மாதம் அரசு தந்த பதிலின்படி, 2016 முதல் 2019 வரை இச்சட்டத்தில் கைதானவர்கள் 5,922 பேர். தண்டிக்கப்பட்டவர்கள் 132 பேர். வழக்குகள் மெதுவாக நடப்பதால் இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடுவது சரியாகாது. ஆனாலும் அந்த இடைவெளியில் இருப்பவர்கள் அத்தனை பேரும் சந்தேகத்துக்குள்ளே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்தத் தரப்பின் மிக வலுவான சான்றை நான் இலங்கையிலிருந்தே எடுப்பேன். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் முப்பது ஆண்டுகள் தமிழர்மேல் பாய்ந்தது. கொழும்பில் தமிழ் பேசுபவர் போலீஸ் பதிவு இல்லாமல் லாட்ஜில் தங்க முடியாத காலம் இருந்தது. 2007 ஜூன் 7 அன்று லாட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் காரணம் சொல்லாமல் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உச்சநீதிமன்றம் அதைத் தடுத்தது. ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு அதே சட்டம், அதே விசாரணைப் பிரிவு, அதே நீண்ட தடுப்புக்காவல். நாற்காலி அப்படியே இருந்தது, அதில் உட்கார்த்தப்பட்டவர்கள் மாறினார்கள். 2019 மே மாதம் ஹசலகாவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவர் உடுப்பில் அச்சாகியிருந்த கப்பல் சுக்கானைத் தர்மசக்கரம் என்று போலீஸ் எடுத்துக்கொண்டதே காரணம். சிலாவத்துறையைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாஃப் ஜசீம் தன் தமிழ்க் கவிதைத் தொகுப்பான ‘நவரசம்’ தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று 2020 மே மாதம் கைதானார். தொகுப்பை வாசித்த தமிழ் அறிஞர்கள் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். 2021 டிசம்பரில்தான் அவருக்குப் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கப்பல் சுக்கானும் கவிதையும் யாரையும் பயமுறுத்தக்கூடியவை அல்ல. பயம் ஏற்கெனவே ஒரு பெயரைத் தேர்ந்துவிட்டிருந்ததால், கைக்குக் கிடைத்தது எல்லாம் தடயமாயிற்று.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது வெளியூர்க் கதையும் அல்ல. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு ஈழ அகதி ஒவ்வொருவரும் ‘சிறப்பு முகாம்’ நிழலில் வாழ்ந்ததை நாம் பார்த்தோம். அந்தப் படுகொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்சநீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. இங்கே இரண்டாவது தரப்பு குறுக்கிட்டு, இப்படி எல்லாரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள் என்றால் இஸ்லாம் பற்றிய பழைய சித்திரம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஈழ அகதி மீதான சந்தேகம் புலிகளின் முடிவோடு பெரிதும் தளர்ந்தது. முஸ்லிம் மீதான சந்தேகம் ஒவ்வொரு உலக நிகழ்விலும் புதுப்பிக்கப்படுகிறது. நிறுவனம் நாற்காலியைத் தருகிறது; ஒருவர் அதில் எவ்வளவு காலம் உட்காரவேண்டும் என்பதைப் பழைய சித்திரம் நீட்டுகிறது என்று இரண்டையும் இணைத்துப் படிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

திரைப்படம் பற்றி ஒரு வார்த்தை. முஸ்லிம்களைப் பயங்கரவாதிகளாகக் காட்டியதாக எழுந்த ‘துப்பாக்கி’, ‘விஸ்வரூபம்’ சர்ச்சைகளில் இரு தரப்பும் தணிக்கை பற்றியே சண்டையிட்டன. 2013 ஜனவரியில் தமிழக அரசு ‘விஸ்வரூப’த்தை இரண்டு வாரம் தடுத்ததால் எவருடைய தப்பெண்ணமும் குறைந்ததாகத் தெரியவில்லை.

பழகினால் தீருமா?

நான்காவது பதில் மிகவும் நம்பிக்கையானது. கோர்டன் ஆல்போர்ட் 1954இல் முன்வைத்த கருத்து இது. சம அந்தஸ்தில், பொது நோக்கத்தோடு, நிறுவன ஆதரவோடு பழகுபவர்களிடையே தப்பெண்ணம் குறையும். 515 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2006இல் பெட்டிக்ரூவும் டிராப்பும் செய்த மீளாய்வும் இதைப் பெருமளவு உறுதிசெய்தது. கேரளத்துக்கு இதில் தனி இடம் உண்டு. அசுதோஷ் வர்ஷ்ணே 2002இல் வெளியிட்ட நூலில் கோழிக்கோட்டையும் அலிகரையும் ஒப்பிட்டார். இரண்டிலும் முஸ்லிம்கள் கணிசமானவர்கள்; அலிகரில் கலவரம் திரும்பத் திரும்ப வருகிறது, கோழிக்கோட்டில் இல்லை. தொழிற்சங்கம், வணிகர் சங்கம், வாசகசாலை, கட்சி என்று இரு மதத்தாரும் சேர்ந்து இயங்கும் அமைப்புகள் வதந்தியைப் பரவுமுன் அடக்குகின்றன என்பது அவர் விளக்கம்.

நூல் வந்த சூட்டோடு, அதே கோழிக்கோட்டின் மாராடு கடற்கரையில் 2003 மே 2 அன்று எட்டு இந்து மீனவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முந்தைய ஆண்டு அங்கே நடந்த மோதலின் பழிவாங்கல் அது. இது வர்ஷ்ணேயின் வாதத்தை உடைத்துவிட்டதாகச் சிலர் சொன்னார்கள். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். மாராட்டு நெருப்பு நகரத்துக்குள் பரவவில்லை என்பது அவர் பக்கம் நிற்கும் உண்மை. ஆனால் பழக்கம் கலவரத்தைத் தடுப்பது வேறு, சந்தேகத்தைக் கரைப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதே இத்தரப்பின் குறை.

கேரளத்தில் 2011 கணக்கின்படி மக்கள்தொகையில் நாலில் ஒருவருக்கு மேல் முஸ்லிம். பள்ளிக்கூடம், கடை, பஸ், ஆஸ்பத்திரி எதிலும் பழகாமல் இருக்க வழியில்லை. திருவனந்தபுரம் பாளையத்தில் பள்ளிவாசலும் பிள்ளையார் கோயிலும் கத்தோலிக்கப் பேராலயமும் கூப்பிடு தூரத்தில் நிற்பதை எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த மாநிலத்தில்தான் 2009 முதல் ‘லவ் ஜிகாத்’ பேச்சு நீதிமன்றம்வரை போனது. 2021 செப்டம்பரில் பாலா மறைமாவட்ட ஆயர் ‘போதை ஜிகாத்’ பற்றி எச்சரித்தார். 2022இல் 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டதாக ஒரு திரைப்பட முன்னோட்டம் சொன்னது. அந்த எண்ணுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று படத்திலேயே அறிவிப்புப் போடுவதாகத் தயாரிப்பாளர் உச்சநீதிமன்றத்தில் 2023 மே மாதம் ஒப்புக்கொண்டார். பழக்கம் இவ்வளவு இருந்தும் இது ஏன்? ஆல்போர்ட்டே இதற்கு ஒரு குறிப்பு தந்திருக்கிறார். தெரிந்தவர் தப்பெண்ணத்துக்கு ஒத்துவராதபோது மனம் தப்பெண்ணத்தைக் கைவிடாமல் அவரை விதிவிலக்காக்கி வேலியைச் சரிசெய்துகொள்கிறது. நம்ம கடைக்கார பாய் தங்கமான மனுஷன், மற்றவர்களைத்தான் நம்பமுடியாது என்ற வாக்கியத்தைத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கேட்காத தெரு இல்லை. ஆயிரம் வீடுகளில் ஆயிரம் நல்ல பாய்கள் விதிவிலக்காகிறார்கள்; ‘மற்றவர்கள்’ என்ற இடம் மட்டும் குறையாமல் நிற்கிறது.

இந்த விதிவிலக்குக்கு விலையும் உண்டு. 2008இல் காஷ்மீரில் தீவிரவாதி எனக் கொல்லப்பட்ட கண்ணூர் இளைஞன் ஒருவனின் தாய், தேசத்துக்கு எதிராகப் போன மகனின் உடலைப் பார்க்க வேண்டாம் என்றார். நாடே அவரைப் பாராட்டியது. அவர் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கொலைகாரன் ஒருவனின் தாய் மகன் உடலைப் பார்க்க ஆசைப்பட்டால் அதில் குற்றம் காண்பது நம் வழக்கமில்லை. இந்தத் தாயிடம் மட்டும் ஒரு சான்றிதழ் எதிர்பார்க்கப்பட்டது, தந்ததும் கைதட்டினோம். ‘நல்ல முஸ்லிம், கெட்ட முஸ்லிம்’ என்று மஹ்மூத் மம்தானி 2004இல் எழுதிய நூலின் மையக் கருத்து இதுவே. ஒருவர் நல்லவர் என்று நிரூபிக்கும்வரை கெட்டவர் என்ற அனுமானம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு ஆட்சேபங்கள்

ஆபத்து உண்மையாக இருக்கும்போது சந்தேகம் பாதுகாப்புக்காகத்தானே, கொஞ்சம் அநீதி தவிர்க்கமுடியாதே என்பார்கள். எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். 2019 வரை ஐ.எஸ்.இல் சேர்ந்த மலையாளிகள் 100 பேர் என்று முதல்வர் பினராயி விஜயன் 2021 செப்டம்பரில் சொன்னார். அவர்களில் 72 பேர் வேலை முதலியவற்றுக்காக வெளிநாடு போன பிறகு சேர்ந்தவர்கள். 2011 கணக்கில் கேரள முஸ்லிம்கள் சுமார் 88.7 லட்சம். ஏறக்குறைய 88,700 பேருக்கு ஒருவர். இந்த விகிதத்தில் மதம் ஒரு அடையாளமாக எதையும் சுட்டிக்காட்டாது. அதை வைத்துத் தேடும் போலீஸ் வீண் வேலையே செய்யும். இலங்கை அனுபவம் இன்னும் தெளிவானது. ஈஸ்டர் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய காத்தான்குடியின் சஹ்ரான் ஹாஷிம் பற்றி அவ்வூர் முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். தாக்குதலுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே இந்திய உளவுத்துறை எச்சரிக்கை அனுப்பியிருந்தது. இலங்கை உச்சநீதிமன்றம் 2023 ஜனவரியில், அசட்டையாக இருந்ததற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டவேண்டும் என்றது. குறிப்பிட்ட ஆளைப் பற்றிய தகவல் கையில் இருந்தும் செயல்படாத அரசு, பிறகு ஒரு சமூகம் முழுவதையும் சோதனை போட்டது.

அந்தச் சமூகம் ஏன் முன்பே தடுக்கவில்லை என்பது இன்னொரு ஆட்சேபம். காத்தான்குடியில் தடுக்கப் பார்த்தார்கள் என்பதே ஒரு பதில். தாக்கியவர்களின் உடல்களைத் தங்கள் மையவாடியில் அடக்கவிடமாட்டோம் என்று இலங்கை உலமாக்கள் அறிவித்தார்கள். இன்னொன்றும் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3 அன்று அதே காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் கொன்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் பல்லாயிரக்கணக்கில் விரட்டப்பட்டார்கள். நீங்கள் ஏன் தடுக்கவில்லை என்று தமிழர் அனைவரையும் யாரும் கேட்டால் அது அநீதி என்று நாம் சொல்வோம், சரியாகவே சொல்வோம். பயங்கரவாதத்தால் அவ்வளவு பேரை இழந்த ஒரு ஊரின் பெயர் 2019க்குப் பிறகு பயங்கரவாதியின் ஊர்ப் பெயராக மட்டும் உச்சரிக்கப்படுவதைத் தமிழ் வாசகர் தன்னோடு வைத்துப் பார்க்கவேண்டும்.

விடை கிடைக்காதவை

அச்சமும் பழைய சித்திரமும் நிறுவனமும் ஒன்றையொன்று வளர்க்கும்போது, எது எவ்வளவு என்று பிரித்தளக்க நம்மிடம் கருவி இல்லை. தரவும் இல்லை. மேலே சொன்ன மாநிலங்களவைப் பதிலிலேயே, இச்சட்டத்தில் கைதானவர்களின் மதவாரிக் கணக்கைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வைப்பதில்லை என்று அரசு தெரிவித்தது. பாகுபாடு இருக்கிறது என்பவரும் இல்லை என்பவரும் அந்த இருட்டில்தான் வாதாடுகிறார்கள். முஸ்லிம் அமைப்பான பாப்புலர் ஃபிரன்ட் 2022 செப்டம்பர் 28 அன்று ஐந்தாண்டுகளுக்குத் தடைசெய்யப்பட்டது தீவிரப்போக்கைக் குறைத்ததா, அதன் அண்டையில் வாழ்ந்த சாதாரண முஸ்லிம்கள்மேல் சந்தேகத்தைக் கூட்டியதா என்பதும் திறந்த கேள்வியே. இரண்டும் ஒருசேர நடந்திருக்கவும் கூடும். வர்ஷ்ணே நம்பிய சங்கங்களும் வாசகசாலைகளும் கைப்பேசிக் குழுக்களின் காலத்தில் வதந்தியை அடக்கும் வலுவோடு இருக்கின்றனவா என்பதைக் கோழிக்கோட்டில் யாராவது மறுபடி ஆராய்ந்தால் பயன்படும்.

நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவருக்கு அரசு பகிரங்கமாக ஈடு செய்தால் அக்கம்பக்கத்தாரின் பார்வை மாறுமா என்பதற்கும் ஆதாரம் சேரவில்லை. முயன்று பார்த்தது குறைவு. ஹைதராபாத் மெக்கா மசூதிக் குண்டுவெடிப்பு வழக்கில் தவறாகப் பிடிக்கப்பட்ட முஸ்லிம் இளைஞர்களுக்கு ஆந்திர அரசு இழப்பீடு தந்தது, உயர்நீதிமன்றம் 2013இல் அந்த உத்தரவை ரத்துசெய்தது. தவறான வழக்குக்கு இழப்பீடு தர ஒரு சட்டம் வேண்டும் என்று இந்திய சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது; சட்டம் வரவில்லை. அடுத்த மாதமே, திருவனந்தபுரத்தில் 1994இல் புனையப்பட்ட இஸ்ரோ உளவு வழக்கில், நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணனுக்கு உச்சநீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் வழங்கியது. அதே வழக்கில் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் சிறையிலிருந்த மாலத்தீவு முஸ்லிம் பெண்கள் மரியம் ரஷீதாவுக்கும் ஃபவுசியா ஹசனுக்கும் அந்தத் தீர்ப்பில் எதுவும் இல்லை. அவர்கள் மனுதாரர்கள் அல்ல.